கடை ஊழியருக்காகப் பேசும்போது செய்யக்கூடாதவை

ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் பெண்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. உட்காரும் உரிமையைக் கேரளம் 2018-இல் சட்டமாகக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நடைமுறைக்கு வர வாடிக்கையாளரும் கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் விதம் தவறினால் அடி அந்தப் பெண்ணுக்குத்தான் விழும்.

"இந்தப் பொண்ணு காலையிலேருந்து நிக்குதாம்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லாதீர்கள். அந்த "தாம்" ஒன்றே போதும், யார் வாய்திறந்தார் என்று தெரிந்துவிடும். சம்பளம், விடுப்பு, அபராதம் என்று அவர் உங்களிடம் சொன்ன எதையும் புகாரில் சேர்க்க வேண்டாம். உங்கள் கண் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: கடை, கிளை, எந்த மாடி, எந்தத் தேதி, எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை ஸ்டூல் இருந்தது. ஒரு பிரிவில் ஒருவரே வேலை செய்தால் பிரிவின் பெயரை விட்டுவிட்டு மாடியோடு நிறுத்துங்கள். அவரைப் படமெடுத்துப் பகிர்வதும் நல்லெண்ணத்தில் செய்யும் கேடுதான்.

தீபாவளிக் கூட்டத்தில் போய்ப் பார்த்துப் புகார் எழுதினால் எடுபடாது. "இந்த நெரிசலில் எப்படி உட்கார முடியும்?" என்று நிர்வாகம் கேட்கும். வாரநாள் மதியம், கடை காலியாக இருக்கும்போது பாருங்கள். அப்போதும் நின்றால் அது மறுக்க முடியாத சான்று. ஸ்டூலைக் கண்டதும் திருப்தி அடைந்துவிடவும் கூடாது. ஸ்டூல் மேல் துணிக்கட்டு அடுக்கியிருந்தால் அது இருக்கை அல்ல, அலமாரி.

நுகர்வோர் நீதிமன்றம் இதற்கான இடம் இல்லை. அது உங்கள் பொருளிலும் சேவையிலும் உள்ள குறையைத்தான் விசாரிக்கும். முதலில் கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனு கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐ அழையுங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துத் தவறு. நாம் நுழையும்போது அவர் எழுந்திருக்கவில்லை என்றால் முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் பல மேலாளர்கள் உட்காரவே விடுவதில்லை. "உட்கார்ந்தே காட்டுங்கம்மா" என்று மேலாளர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் புடவையைக் கேளுங்கள்.