படபடப்பை உடல் வழியாக அடக்கினேன்

கூட்டத்தில் பேச வேண்டும் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தைரியம் சொல்லிக்கொண்டாலும் அடங்காது. மருத்துவர் முதலில் இரத்தசோகையையும் தைராய்டையும் பரிசோதித்தார். இரண்டுமே இப்படிப் படபடப்பைத் தரக்கூடியவை. எனக்கு இரண்டும் சரியாக இருந்தன. இந்தப் பரிசோதனையை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

உடல் நடுங்குவதால்தான் அஞ்சுகிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதினார். என் அனுபவத்தில் அது பாதி உண்மை. துடிக்கும் இதயத்தைப் பார்த்து மனம் ‘ஆபத்து’ என்கிறது. உடனே அட்ரீனலின் என்ற ஹார்மோன் சுரந்து துடிப்பு இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழலை உடல் பக்கமிருந்து அறுத்தேன். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெல்ல விடுவேன். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள்: மூச்சு வெளியேறும்போது நாடி தளர்வது விரலுக்கே தெரியும். எத்தனை ஆறுதல் அது! கூடவே மனத்துக்கும் ஒரு வாக்கியம் கொடுத்தேன்: ‘இது பயமில்லை, உடல் பேசத் தயாராகிறது.’

காபியையும் கவனியுங்கள். காபியிலுள்ள ஊக்கப்பொருளான காபீன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலையில் பேச்சு இருந்தால் எனக்குக் காலைக் காபியோடு சரி.