சிறு கிளினிக்கில் கம்ப்யூட்டர் செலவைக் குறைப்பது எப்படி?

ஓரிரு டாக்டர்கள் மட்டும் இருக்கும் கிளினிக்கில் கையைக் கடிப்பது கம்ப்யூட்டரின் விலை அல்ல, மாதாமாதம் ஓசையில்லாமல் போகும் பணம். கடந்த 12 மாத வங்கிக் கணக்கை எடுத்து மென்பொருள் சந்தா, பராமரிப்பு ஒப்பந்தம், இன்டர்நெட், டொமைன் (இணையதள முகவரி), எஸ்எம்எஸ், டோனர் என எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே புதுப்பிக்கும் தேதி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரிலேயே டொமைனும் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

அடுத்து லாகின்கள். ஆள் கணக்கில் காசு வாங்கும் மென்பொருளில், வேலையை விட்டுப் போனவரின் லாகினுக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும். நீக்குங்கள். ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு பேருக்கு ஒரே லாகின் கொடுக்காதீர்கள்; மருந்துச்சீட்டை யார் திருத்தியது என்று பிறகு தெரியாது.

எஸ்எம்எஸ் நினைவூட்டலில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும்: ‘மருத்துவர்’ என்பதற்கு 10, ‘டாக்டர்’ என்பதற்கு 7. 70ஐத் தாண்டினால் செய்தி 67 இடத் துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு ஒரு கட்டணம். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு எமோஜி வந்தாலும் இதே கணக்குதான். பெயர், தேதி, நேரம் போதும், வாழ்த்து வேண்டாம்.

மெதுவான கம்ப்யூட்டரைத் தூக்கி எறியுமுன் உள்ளே பழைய ஹார்டு டிஸ்க்கா என்று பாருங்கள். அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கும், 8 ஜிபி ரேமும் போட்டால் பெரும்பாலும் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டரில், மென்பொருள் பிரவுசரிலேயே ஓடுமானால் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாம். பிரிண்டரும் ஸ்கேனரும் அதில் வேலை செய்கின்றனவா என்று முதலில் சோதியுங்கள். நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கும் கருவியோடு வந்த பழைய கம்ப்யூட்டர் வேறு விஷயம். அதை மாற்றினால் கருவியின் மென்பொருளே ஓடாமல் போகலாம். இன்டர்நெட்டிலிருந்து துண்டித்துத் தனியாக வையுங்கள்.

குறைக்கக் கூடாத செலவு பேக்கப். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், ஒன்று கிளினிக்குக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் வெளி டிஸ்க்கை நம்பாதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிச் செருகி, வேலை முடிந்ததும் கழற்றுங்கள். மென்பொருள் ஓடும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் டேட்டாபேஸ் திறக்காமல் போகலாம். மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியையே பயன்படுத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து, ஐந்து நோயாளிகளின் பதிவைத் திறந்து பாருங்கள். லேப் ரிப்போர்ட் படங்கள் தனி ஃபோல்டரில் இருந்து, பேக்கப்பில் விட்டுப்போயிருப்பது அப்போதுதான் தெரியும்.

புது மென்பொருள் வாங்குமுன், அதிலிருந்து வெளியேறும் வழியைக் கேளுங்கள். விவரங்கள் எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாகவும், ஸ்கேன் படங்கள் மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமிலும் கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்குமா? வாய்ச்சொல் போதாது; சோதனைக் காலத்திலேயே எடுத்துப் பார்த்து, ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். ஓப்பன்இஎம்ஆர் போன்ற இலவச கிளினிக் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் நிறுவ, அப்டேட் செய்ய ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கைவசம் இல்லையென்றால் சந்தா மென்பொருளே மலிவு.