தாத்தாவோட சவரக்கத்திக்குப் புதுப் பிடி போடுறது எப்படி

பழைய பெட்டியில தாத்தாவோட மடக்கு சவரக்கத்தி கிடைச்சா எல்லாரும் முதல்ல உடைஞ்ச பிடியத்தான் பாப்பாங்க, நீங்க கூர் ஓரத்தைப் பாருங்க. நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வச்சு முழு நீளத்துக்கும் பாத்துட்டு வாங்க. முதுகுலயோ நடுவுலயோ துருக்குழி இருந்தா பரவால்ல. கூர்லயே குழியோ மயிரிழை விரிசலோ தெரிஞ்சா அதை ஞாபகத்துக்கு பத்திரமா வச்சுக்கலாம், முகத்துல வைக்கக் கூடாது.

பழைய பிடி செல்லுலாய்டா (அந்தக் காலத்து ஒரு வகை பிளாஸ்டிக்) இருந்தா உடனே கழட்டிடுங்க. தேய்ச்சு முகர்ந்தா கற்பூர வாசனை வரும். அது சிதைய ஆரம்பிச்சா அமில ஆவி விட்டு கத்தியையே அரிச்சுடும், நெருப்பும் சட்டுனு பிடிக்கும், அதனால அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி கூர் மேல ரெண்டு மூணு சுத்து டேப் ஒட்டிக்கோங்க. பிடியை பேப்பர்ல வச்சு வரைஞ்சு, ஆணி ஓட்டை எங்கெங்க இருக்குனு குறிச்சுக்கணும், இந்தப் படம் இல்லாம புதுப் பிடி வெட்டினா கத்தி நேரா மடங்கவே மடங்காது. அப்புறம் ஆணித் தலையை அரத்தால ராவி எடுத்துட்டு, மெல்லிசு பஞ்ச் வச்சு தட்டினா ஆணி வெளிய வந்துடும். நெம்பாதீங்க.

துரு எடுக்க மோட்டார் வீல் மட்டும் வேணவே வேணாம். சாதாரண கார்பன் ஸ்டீல் 200 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே பதம் போக ஆரம்பிச்சுடும், கூர் ஓரம் பேப்பர் மாதிரி மெல்லிசுங்கிறதால சில நொடியிலயே அந்த சூடு ஏறிடும். எனக்கு ஒரு கத்தியில நுனி நீலமா மாறிடுச்சு, அதுக்கப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்கல, இன்னிக்கும் அத நினைச்சா வருத்தமா இருக்கு. கையாலயே பண்ணுங்க. உப்புத்தாளை கார்க் துண்டுல சுத்தி, எண்ணெய் விட்டு, 400, 600, 1000, 2000னு நம்பர் வரிசையில போங்க (நம்பர் ஏற ஏற தாள் நைஸ்), இழுப்பு எப்பவும் முதுகுல இருந்து கூர் பக்கமா. கத்தியோட வால் பகுதியில, அதாவது ஆணி மாட்டுற கூர் இல்லாத இடத்துல, ஜோலிங்கன், ஷெஃபீல்டுனு கத்திக்குப் பேர் போன ஊர் முத்திரை இருந்தா அங்க உப்புத்தாளே படக்கூடாது, கத்தியோட வரலாறு அதுலதான் இருக்கு.

பிடிக்கு கொம்பு, கடின மரம், அக்ரிலிக் எதுவும் ஓகே. 3 மில்லிமீட்டர் தகடு ரெண்டை டபுள் டேப்பால ஒட்டி ஒண்ணாவே வெட்டி, ஒண்ணாவே ஓட்டை போடுங்க, அப்பதான் ரெண்டும் அச்சா ஒரே மாதிரி இருக்கும். தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம். மரம்னா உள்பக்கமும் இப்பவே எண்ணெய் பூசிடுங்க, ஆணி அடிச்சப்புறம் கை போகாது.

நிறைய பேர் கோட்டை விடுறது பிடியில கத்தி மாட்டுற ஆணிக்கு எதிர் முனையில ரெண்டு தகட்டுக்கும் நடுவுல வர்ற ஆப்புலதான். அது ஒரு பக்கமா சரிஞ்சு மெலியணும். அதோட தடிமனை வச்சுத்தான் கத்தி நடுவுல உக்காருமா, தகட்டை உரசுமாங்கிறதே. சின்ன ஸ்க்ரூ நட் போட்டு தற்காலிகமா மாட்டி, மடக்கி வெளிச்சத்துல பிடிச்சு உள்ள பாருங்க. கூருக்கு ரெண்டு பக்கமும் சமமா இடைவெளி தெரியுற வரைக்கும் ஆப்பைத் தேய்ச்சுட்டே இருக்கணும்.

சரியானதும் ஸ்க்ரூவைக் கழட்டிட்டு, ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, வாஷர் போடுங்க. முதல்ல ஆப்புப் பக்கம், அப்புறம் கத்திப் பக்கம். கம்பி ரெண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் போல நீட்டிக்கிட்டு இருக்கட்டும். உருண்டைத் தலை குட்டி சுத்தியலால ஓரத்தைச் சுத்திச் சுத்தி மெதுவா தட்டுங்க, ஓங்கி அடிச்சா கம்பி உள்ளயே வளையும், தகடும் வெடிக்கும். நாலு தட்டுக்கு ஒரு தடவை கத்தியத் திறந்து பாருங்க, விட்ட இடத்துல நிக்குதா, போதும்.

கடைசியா சாணைக்கல்: 1000, 4000, 8000 நம்பர் வரிசையில. முதுகும் கூரும் ரெண்டுமே கல்லைத் தொடணும், கோணத்தைக் குடுக்கிறதே முதுகுதான். அப்புறம் தோல்பட்டையில முதுகு முன்னாடி போற மாதிரி 50 இழுப்பு, துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய்.