புதிய கடல்நீர்த் தொட்டியில் மீன் சாகிறதா? எப்போது செத்தது என்று பாருங்கள்

"தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மீன் செத்துவிட்டது." கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று கேட்டால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். என்று நான்கு எண்கள் வரும். அதுவும் மீன் செத்த மறுநாள் எடுத்த எண்கள். அந்த டெஸ்ட் கிட்டுக்கு ஆக்ஸிஜன் தெரியாது, செம்பு தெரியாது, செவுளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியும் தெரியாது. சோதனைக் குழாயில் நிறம் மாறவில்லை, அதனால் தண்ணீரில் குறை இல்லை என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

அதனால் நான் எண்களைக் கேட்பதற்கு முன் நேரத்தைக் கேட்பேன். தொட்டியில் விட்டு எத்தனை நாள் கழித்துச் செத்தது? பகலிலா, விடியற்காலையிலா? ஒன்று மட்டுமா, வரிசையாகவா, எல்லாம் ஒரேயடியாகவா? பாதித் துப்பு இதிலேயே கிடைத்துவிடும்.

விட்ட அன்றோ மறுநாளோ செத்தால், மீன் வந்த பையையும் அதை உங்கள் தொட்டி நீருக்கு நீங்கள் பழக்கிய விதத்தையும் சந்தேகப்படுங்கள். கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட விடக் கரியமில வாயு சேரும், பி.எச். இறங்கும். மீனின் கழிவால் அம்மோனியாவும் சேரும். ஆனால் பி.எச். குறைவாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும். பி.எச். 7-இலிருந்து 8-க்குப் போனால் விஷமான அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். இது தெரியாமல், வெகுதூரம் பயணம் செய்து வந்த மீனை, நல்லது செய்வதாக நினைத்து, திறந்த பையிலேயே இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் விட்டுப் பழக்குகிறோம். அந்த இரண்டு மணி நேரமும் அது விஷத்தில்தான் நீந்துகிறது. கட்டிய பையை அப்படியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்ததும் பைத் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். தொட்டியோடு ஒத்துப்போனால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

உப்பு ஒத்துப்போகாவிட்டால்? ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்பை மிச்சப்படுத்தவும் மீன் விற்பவர்கள் பலர் உப்புநீரின் அடர்த்தியை (நன்னீரை 1.000 என்று வைத்தால்) 1.020 பக்கம் வைத்திருப்பார்கள். உங்கள் தொட்டி 1.025-இல் இருக்கும். கடல் மீன் தண்ணீரைக் குடித்து, கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றித்தான் உயிர்வாழ்கிறது. உப்பு குறைந்தால் சமாளித்துக்கொள்ளும். திடீரென்று ஏறினால் உடம்பு வற்றிப்போய் ஓரிரு நாளில் முடிந்துவிடும். புது மீனைத் தனியே வைக்கும் குவாரன்டைன் தொட்டியில் விற்றவரின் அளவுக்கே உப்பை வைத்து மீனை விட்டு, சில நாட்களில் மெதுவாக ஏற்றுவதுதான் வழி.

உப்பை அளக்கும் கருவியே பொய் சொல்லலாம். என் முதல் தொட்டிக்கு, உள்ளே முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரைத்தான் வைத்திருந்தேன். பல வாரம் 1.025 காட்டியது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது முள்ளின் அடியில் கடுகளவு காற்றுக் குமிழிகள் நாலைந்து ஒட்டியிருந்தன. விரலால் தட்டினேன், குமிழிகள் போயின, முள் 1.021-க்கு இறங்கியது. தூக்கிப் பிடித்தது உப்பல்ல, குமிழி! ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். வெறும் ஆர்.ஓ. நீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம், ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை உப்புநீரால் நிரப்பிக்கொண்டே போகிறவர்கள் தெரியாமலே உப்பை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் நன்றாகத் தின்ற மீன் விடியற்காலையில் அடியில் கிடந்தால் ஆக்ஸிஜனை நினையுங்கள். உப்புநீரில் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஆக்ஸிஜன் கரையும். சூடானால் இன்னும் குறையும். இரவில் பாசியும் ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்ளும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று இரவில் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நீரோட்டம் தரும் பவர்ஹெட்டையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பவர்ஹெட்டின் வாயை மேல்பரப்பு நெளியும்படி திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதல் சில வாரங்களில் ஒவ்வொன்றாகச் சோர்ந்து சாவதற்கு அம்மோனியாதான் வழக்கமான காரணம். தொட்டி 'சைக்கிள்' ஆக, அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர்ந்து நிலைபெற, நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்றாம் வாரத்தில் ஐந்து மீன் வாங்கி வருவோம். சைக்கிள் முடிந்த தொட்டியில்கூட பாக்டீரியா அதுவரை கிடைத்த உணவுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். ஐந்து மீனின் கழிவைத் திடீரென்று கொடுத்தால் திணறும். காணாமல் போன மீனைத் தேடாமல் விடுவதும் இதே கணக்குதான். பாறைக்குப் பின்னால் ஒரு சடலம் அழுகினால் சிறு தொட்டிக்கு அது போதும். சடலத்தின் மேல் முள்புழு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்று பழிபோடுவார்கள், பாவம். அது சுத்தம் செய்ய வந்த ஆள். நைட்ரைட்டைப் பார்த்தும் அவ்வளவு பயப்பட வேண்டாம். நன்னீரில் அது கொடியது; கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அதைச் செவுளுக்குள் எளிதில் நுழையவிடாது.

நான்கைந்து நாள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் வரிசையாகப் போனால் என் முதல் சந்தேகம் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். காரணம் தெரியாத சாவு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதற்கே போகும் என்பது என் எண்ணம். ஒட்டுண்ணி முதலில் செவுளைப் பிடிப்பதால் உடம்பில் ஒரு புள்ளிகூடத் தெரியாமலே மீன் செத்துவிடலாம். ஆனால் நடத்தை காட்டிக்கொடுக்கும். வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்தைத் தவிர்க்கும், பவர்ஹெட்டின் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தைக் கொடுத்து நின்றுகொண்டே இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நுண்ணிய பொன்தூசு தூவியதுபோல் மின்னினால் சந்தேகமே இல்லை. செவுள்மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணித் தினமும் எழுதி வைப்பது என் பழக்கம். எண் ஏறுவது, மீன் தீனியை மறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

வெள்ளைப்புள்ளி நோய் இதைவிட மெதுவானது, உப்புக்கல் ஒட்டியதுபோல் இருக்கும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மகிழ்வார்கள். உண்மையில் ஒட்டுண்ணி பெருகுவதற்காக உதிர்ந்து போயிருக்கிறது. கோமாளி மீனின் தோல் சளிபோல் உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்ற வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு. வெல்வெட்டுக்கும் வெள்ளைப்புள்ளிக்கும் செம்பு மருந்து வேலை செய்யும். ஆனால் தனித் தொட்டியில், செம்பு டெஸ்ட் கிட்டால் அளந்து அளந்துதான் கொடுக்க வேண்டும். பதற்றத்தில் முதன்மைத் தொட்டியிலேயே ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

எல்லாம் ஒரேயடியாகச் செத்தால் நோயைத் தேடாதீர்கள். ஹீட்டர் அணையாமல் ஓடியதா, அறையில் பூச்சி மருந்து அடித்தார்களா, குளோரின் நீங்காத குழாய் நீரை ஊற்றினோமா, பவர்ஹெட்டின் காந்தம் விரிசல் விட்டுத் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இறாலும் நத்தையும் மட்டும் செத்து மீன் பிழைத்திருந்தால் செம்புதான் முதல் குற்றவாளி.

வாரக்கணக்கில் மெலிந்து சாவது வேறு வகை. மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணிய கோபிபாட்களைத் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இருக்காது. வயிறு ஒட்டிப்போனால் பசிதான் காரணம். துடுப்பு கிழிந்திருந்தால் டாம்செல் மீன் மாதிரியான அடாவடிக்காரன் ஒருவன் உள்ளே இருக்கிறான்.

செத்த அன்றே ஃபில்டரைக் கழுவுவது, தண்ணீரை முழுக்க மாற்றுவது, கையில் கிடைத்த மருந்தையெல்லாம் ஊற்றுவது, அந்த வாரமே புது மீன் விடுவது ஆகியவை எதையும் செய்யாதீர்கள். அன்றைய தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள். உப்பு, வெப்பம், அம்மோனியா மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனியா தெரிந்தால், அதே உப்பும் வெப்பமும் உள்ள, முந்தைய நாளே கலக்கி வைத்த உப்புநீரால் ஒரு பகுதியை மாற்றுங்கள். ஒட்டுண்ணி என்று தெரிந்தால் மிச்ச மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு முதன்மைத் தொட்டியை மீனில்லாமல் விடுங்கள். வெல்வெட்டுக்கு ஆறு வாரம், வெள்ளைப்புள்ளிக்கு 76 நாள் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பலர் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள், பாக்டீரியா பட்டினி கிடக்காது. கெடு முடிந்ததும் தனித் தொட்டியில் நலமாக இருக்கும் மீன்களில் ஒன்றை மட்டும் திருப்பி விடுங்கள். அடுத்ததை இரண்டு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.