கிராம சபைக்குப் போகும் முன் ஒரே ஒரு வேலையின் கணக்கைக் கையில் எடுங்கள்

நான் கிராம சபையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து, 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடியும்வரை கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர். "பஞ்சாயத்துப் பணமெல்லாம் எங்கே போகுது?" என்று சத்தம் போடுகிறவரைக் கண்டு அங்கே யாரும் அசைவதில்லை. "அண்ணே, உட்காருங்க, பேசுவோம்" என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். "சானல்கரையில் போட்ட காங்கிரீட் ரோட்டுக்கு எஸ்டிமேட்டில் கனம் எவ்வளவு?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டால் போதும், ஃபைலைத் தேடத் தொடங்குவார்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தயாராவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டு வரி ரசீதில் இருப்பது கிராம ஊராட்சியா பேரூராட்சியா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95; பேரூராட்சிகளோ சுமார் ஐம்பது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு இருக்கும், ஆனால் இருப்பது பேரூராட்சியில். அப்படியானால் கிராம சபை உங்களுக்குக் கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-இல் தொடங்கிய பகுதி சபைதான். தகவல் உரிமைச் சட்டமும் அளவு டேப்பும் இரண்டு பேருக்கும் பொது.

கிராம சபை நடக்கும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். அன்று நமக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம் என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பாலை ஷீட்டாக அடித்துவிட்டு வந்தாலும் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கும். கோரம், அதாவது கூட்டம் செல்ல எத்தனை பேராவது இருக்க வேண்டும், எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் என்றால் 300 பேர். நாற்பது பேரை வைத்துக்கொண்டு தீர்மானம் நிறைவேறியது என்றால் அதையே கேட்கலாம்.

அடுத்து, பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாம் ஊராட்சியின் சொந்த வருமானம். நிலம் கைமாறும்போது நாம் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வை. மாநில நிதிக்குழு மானியம் தனியாக வரும். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியத்துக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழு, 100 ரூபாயில் 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிவைத்துவிட்டது, ஆளுக்குப் பாதி. மீதி 40 ரூபாயை ஊர் தன் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்கு மட்டும் தொடக்கூடாது என்று விட்டது. ஆகவே "நிதிக்குழுப் பணத்தில் எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால், அது கட்டிவைத்த பணம் என்று எளிதாகத் தட்டிக்கழிப்பார்கள். "கட்டுப்பாடு இல்லாத பங்கில் எவ்வளவு மிச்சம்?" என்று கேளுங்கள். தேர்தல் நடத்தாமல் தனி அலுவலரை வைத்து ஓட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊருக்கு இந்தப் பணம் சரியாக வந்து சேராது. 2016-க்கும் 2019-க்கும் நடுவில் தமிழ்நாடு அதை அனுபவித்தது.

சரி, இனி வேலைக்கு வருவோம். இரண்டு வருடத்துக்குள் முடிந்த ஒரு வேலையை மட்டும் எடுங்கள்: காங்கிரீட் ரோடு, பக்கச்சுவர், அலங்காரத் தரைக்கல். உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கட்டும். ஐந்து வேலையை எடுத்தால் ஐந்துமே அரைகுறையாக நிற்கும். வேலை நடந்த இடத்துப் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் பெயர், தொகை, ஆண்டு மூன்றும் அதில் இருக்கும். பிறகு போனிலேயே ஊராட்சிகளின் கணக்கு இருக்கும் இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசுத் தளத்தைத் திறந்து மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டுத் திட்டமும் வரவு செலவும் வரும். லாகின் எதுவும் வேண்டாம். ஆனால் மாநிலத் திட்டத்தில் நடந்த வேலை அங்கே இல்லாமல் போகலாம். இல்லை என்பதற்காக உடனே ஊழல் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புதல் அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனுவாக இருந்தால், பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். "ஏன்", "யார் காரணம்" என்ற சொற்கள் மனுவில் வேண்டாம். அந்தச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கம் தராது. இப்படி எழுதினால் போதும்: "இன்ன ஊராட்சியில், இன்ன நிதியாண்டில், இன்ன இடத்தில் நடந்த காங்கிரீட் சாலைப் பணியின் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்கள்." பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

அந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது அளவுப் புத்தகம், எம்-புக். ஓவர்சியர் நேரில் அளந்து எழுதிய நீளம், அகலம், கனம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பில் போடுவார்கள். எஸ்டிமேட்டில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று இருந்தால் மொத்தம் 45 கனமீட்டர் காங்கிரீட். நீளத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள், அது கண்ணுக்குத் தெரியும். கனம் 12 ஆகிப்போனால் 36 கனமீட்டர்தான் விழுந்திருக்கும்; ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும், ரோடு பார்க்க அப்படியேதான் இருக்கும். கனத்தை அளக்க நல்ல நேரம், காங்கிரீட் ஊற்ற ஓரத்தில் அடித்த பலகையைப் பிரித்த பிறகு, ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மழையில் ஓரம் அரித்த இடத்தில் அளக்கலாம். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. தொடக்கம், நடு, முடிவு என்று பல இடத்தில், இருபுறமும் டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். பக்கத்தில் கடை வைத்திருப்பவரையோ வீட்டுக்காரரையோ கூட வைத்துக்கொண்டு அளப்பது நல்லது. சந்தேகம் பலமாக இருந்தால், பணியையே ஆய்வு செய்யவும் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது.

இதெல்லாம் வீண் வேலை என்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தோனேசியாவின் ஜாவாவில் 608 கிராமங்களில் போட்ட ரோடுகளை வைத்துப் பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார். பொறியாளர்கள் ரோட்டைத் தோண்டி மாதிரி எடுத்து, செலவுக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். கட்டாயம் தணிக்கை வரும் என்று முன்கூட்டியே சொன்ன ஊர்களில் காணாமல் போன பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. நிறையப் பேரைக் கூட்டத்துக்கு அழைத்ததால் மட்டும் சராசரியில் பெரிய மாற்றம் வரவில்லை. கூட்டத்துக்கே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெறும் கையோடு போகாதீர்கள் என்கிறேன்.

கூட்டத்தன்று படிவம் 30, அதாவது வரவு செலவுச் சுருக்கம், பொதுவில் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அது வருகைப் பதிவேடுதானா என்று தலைப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் முறை வரும்போது நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வி: "எம்-புக்கில் 15 என்று இருக்கிறது, நாங்கள் அளந்த இடங்களில் 12. மறு அளவீடு செய்ய வேண்டும்." யாரையும் கள்ளன் என்று சொல்லிவிடக்கூடாது; சொன்ன மறு நிமிடம் பேச்சு ரோட்டை விட்டுக் கட்சிக்குத் தாவிவிடும். எங்கள் ஊரில் ஒருமுறை இப்படித்தான், பக்கச்சுவரைப் பற்றித் தொடங்கிய பேச்சு திருவிழாக் கமிட்டியில் போய் முடிந்தது.

"பார்க்கிறோம்" என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். "மறு அளவீடு செய்ய வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) வேறு, வட்டார ஊராட்சியைப் பார்க்கும் பிடிஓ வேறு. உங்களுக்கு வேண்டியது முதலாமவர். அந்த வாரமே எண்ணைக் குறிப்பிட்டு அவருக்கு ஒரு கடிதம், போட்டோக்களோடு. அதன் நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். அடுத்த கிராம சபையில் உங்கள் கேள்வி அந்த ரசீதிலிருந்து தொடங்கட்டும்.