வீட்டுக் கடன் கேட்கும் முன் தவணைக் கணக்கைப் பாருங்கள்

மார்த்தாண்டத்தில் வீட்டுக் கடனுக்கு ஃபைல் தயார் செய்து கொடுக்கிறேன். சம்பள ஸ்லிப், வில்லங்கச் சான்று விட்டுப்போனால் இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம். தவணைக் கணக்கு தப்பினால் அப்படி முடியாது.

இப்போது கட்டும் எல்லாத் தவணையும் வரப்போகும் வீட்டுத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று வங்கி பார்க்கும். பெரும்பாலும் பாதி வரை ஒத்துக்கொள்வார்கள். வருமானத்தைப் பொறுத்து கூடும், குறையும்.

அட்வான்ஸுக்குத் தனிநபர் கடன்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான் ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. மீதியும் பத்திரச் செலவும் நம் கைக்காசு. அந்தக் கைக்காசைக் கடனாக வாங்குகிறார்கள்!

தக்கலைப் பக்கம் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. கைக்கு 50,000 சம்பளம், வேறு கடன் இல்லை. 25,000 வரை தவணை போகலாம். 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு லட்சத்துக்கு 900 ரூபாய் தவணை. அப்படியானால் 27 லட்சத்துக்கு மேல் கிடைத்திருக்கும். ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க, 14 சதவீதத்தில் 5 வருடத்துக்கு 5 லட்சம் வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அதற்குத் தவணை 11,600. மிச்சம் 13,400-க்கு 15 லட்சம்கூடத் தேறவில்லை. 5 லட்சம் வாங்கப்போய் 13 லட்சம் கைவிட்டுப் போனது. தாளில் போட்டுக் காட்டியபோது, “எல்லாரும் சமாளிச்சிரலாம்னுதானே சொன்னாவ அண்ணே” என்றார். ஒப்பந்தக் கெடு முடிந்ததும் விற்பவர் அட்வான்ஸில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்.

பிஎஃப்பில் எடுக்க முடியுமா, சும்மா கிடக்கும் நகையை விற்கலாமா, வேலைக்குப் போகும் கணவரையோ மனைவியையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கலாமா என்று முதலில் பாருங்கள். எதுவும் தேறவில்லையென்றால் ஒரு வருடம் பொறுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கணக்குப் போடுங்கள், தயவுசெய்து.

நகைக் கடன்

மாதத் தவணை இல்லாவிட்டாலும் சிபிலில், அதாவது நம் கடன் விவரமெல்லாம் பதிவாகும் அறிக்கையில், தெரியும். மறைக்காதீர்கள்.

ஜாமீன் கையெழுத்து

மச்சானின் கடன் உங்கள் சிபிலிலும் நிற்கும்.

ரப்பர், கடை வருமானம்

ஷீட் விற்ற காசு கையில் புரளலாம். வருமான வரிக் கணக்கில் காட்டாததை வங்கி பெரும்பாலும் வருமானமாக எடுக்காது.

பழைய கடனை அடைத்தவர்கள்

சிபிலில் ஏறச் சில வாரம் ஆகலாம். அடைத்த அன்றே என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) கேளுங்கள். அதன் நகலை ஃபைலில் வைத்தால், அந்தத் தவணையைக் கழித்துவிடச் சொல்லி மேனேஜரிடம் கேட்கலாம்.