பெருந்தொற்றுக் காலத்து ஆங்கிலப் புதுச்சொற்கள்: ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவிட் பரவிய முதல் சில மாதங்களில் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் ஆங்கிலச் சொற்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. கோவிடியட், குவாரன்டீம், மாஸ்க்னி (முகக்கவசத்தால் வரும் பரு), ட்வின்டெமிக் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மொழி படிக்கிற மாணவர்கள் இவற்றைப் பற்றி இன்றும் கட்டுரை எழுதுகிறார்கள். நல்ல விஷயம். ஒரு மொழி சொல் ஆக்குவதை நாள்வாரியாக, கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. அதனால்தான் அதைப் பிழையில்லாமல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பலரும் முதல் படியிலேயே இடறிவிடுகிறார்கள். 2020-இல் முதன்முதலாகக் காதில் விழுந்த சொல் 2020-இல்தான் பிறந்தது என்று எழுதிவிடுகிறார்கள். 'சோஷியல் டிஸ்டன்சிங்' அப்படித்தான் பல பட்டியல்களில் தலைமை இடத்தில் இருக்கிறது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதற்கு 1957-ஆம் ஆண்டுச் சான்றைக் காட்டுகிறது. அன்றைக்கு அதன் பொருள் வேறு. பிறரோடு ஒட்டாமல், மனத்தளவில் விலகி நிற்பதை அது குறித்தது. 'செல்ஃப் ஐசொலேஷன்' 19-ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. முழங்கையால் இடித்து வணக்கம் சொல்வதைக் குறிக்கும் 'எல்போ பம்ப்' 1980-களில் வந்தது. தகவல்கள் தொற்றுநோய் போலப் பரவுவதைச் சொல்லும் 'இன்ஃபோடெமிக்' 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது டேவிட் ராத்காஃப் என்பவர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எழுதிய சொல். அகராதியை ஒருமுறை திறந்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும்.

'பழசோ புதுசோ, என்ன பெரிய வித்தியாசம்?' என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. புதுச்சொல் என்று முத்திரை குத்திவிட்டால், அதன் பொருள் எப்படி நகர்ந்தது என்ற கேள்வியே எழாது. உறவில் விலகுவதைச் சொன்ன தொடர், உடலளவில் ஆறடி தள்ளி நிற்பதைச் சொல்லத் தொடங்கியது. பழைய வாசனை முழுதாகப் போகவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் கைவிட வேண்டும் என்ற தொனி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் 'ஃபிசிக்கல் டிஸ்டன்சிங்' என்று சொல்லத் தொடங்கியது. அதற்குள் மக்கள் வாயில் முதல் தொடர் நிலைத்துவிட்டது. ஒரு புதுச்சொல் பிறந்த கதையைவிட இந்தக் கதையில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் 'கலவைச்சொல்' (இரு சொற்களை வெட்டி ஒட்டி ஆக்கிய சொல்) என்ற ஒரே கூடையில் போடுவது. 'கோவிட்' என்பதே கலவைச்சொல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொரோனா, வைரஸ், டிசீஸ் என்ற மூன்று சொற்களின் தொடக்க எழுத்துகளை எடுத்து, 2020 பிப்ரவரி 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பெயர் அது. அலுவல்முறையில் வைத்த பெயர். யாரும் பேச்சுவாக்கில் உருட்டித் திரட்டியது கிடையாது.

உண்மையான கலவைச்சொல் எப்படி இருக்கும் என்பதற்குக் 'கோவிடியட்' நல்ல சான்று. விதிகளை மதிக்காதவரைத் திட்டும் சொல் அது. கோவிட் முடிகிற ஓசையும் இடியட் தொடங்குகிற ஓசையும் ஒன்றே. இரண்டு சொற்களும் அந்த ஒரே அசையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் தையல் தெரிவதில்லை. 'குவாரன்டீன்' என்பதில் கடைசி மெய்யை மட்டும் மாற்றினால் 'குவாரன்டீம்', அதாவது ஒன்றாகத் தனிமைப்பட்டிருக்கும் குழு. இதை நம் புணர்ச்சியோடு ஒப்பிட்டு எழுதும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. புணர்ச்சியில் நிலைமொழியும் வருமொழியும் ஏறக்குறைய முழுதாகவே இருக்கும். கலவைச்சொல்லில் இரண்டில் ஒன்றாவது வெட்டுப்படும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும்.

'ரோனா' கலவைச்சொல்லே இல்லை. கொரோனாவின் தலை வெட்டுப்பட்டு எஞ்சியது. தாமரை 'மரை' ஆவதை முதற்குறை என்கிறோமே, அதே வேலைதான். 'ஐசொலேஷன்' ஆஸ்திரேலியாவில் 'ஐசோ' ஆனது கடைக்குறை போல. இந்தச் சுருக்கும் பழக்கத்தைச் சமூக ஊடகம் கொண்டுவந்தது என்பதும் சரியில்லை. இன்ஃப்ளூயன்சா என்ற பெயர் முன்னும் பின்னும் நறுக்கப்பட்டு 'ஃப்ளூ' ஆனது 19-ஆம் நூற்றாண்டில்.

'-டெமிக்' என்ற துண்டைத் தனியாகக் கவனியுங்கள். எபிடெமிக், பேண்டெமிக் என்ற சொற்களில் இருப்பது மக்கள் என்று பொருள்படும் 'டெமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இன்ஃபோடெமிக் ஒன்று மட்டும் இருந்தவரை அதைக் கலவை என்று சொல்வது போதுமானது. பிறகு ஃப்ளூவும் கோவிட்டும் ஒரே சமயத்தில் தாக்குவதைச் சொல்ல ட்வின்டெமிக் வந்தது. எல்லாமே சதி என்பவர்கள் பிளாண்டெமிக் என்றார்கள். மூன்று, நான்கு சொற்கள் ஆனபின் அந்தத் துண்டு 'பெருவாரியாகப் பரவுவது' என்ற பொருளில் ஏறக்குறைய ஒரு விகுதியாகவே வேலை செய்கிறது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தால் இந்த வளர்ச்சி கண்ணில் படாது.

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு ஒன்று இருக்கிறது. இந்தச் சொற்களை வெறும் வேடிக்கையாகப் பார்ப்பது. 'சமூக ஊடகம் உருவாக்கியது' என்று சொல்லிவிட்டு, சொல்லின் பின்னால் இருந்த மனிதரை விட்டுவிடுவது. 'லாங் கோவிட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லேசான தொற்று என்றால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரம். வாரக்கணக்கில் குணமாகாதவர்கள் தங்கள் நிலையைச் சொல்ல ஒரு சொல் கூட இல்லாமல் தவித்தார்கள். 2020 மே மாதம் இத்தாலியைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ, தன் நோயைப் பற்றிய ட்விட்டர் பதிவில் அதை ஹேஷ்டேக்காக எழுதினார். ஹேஷ்டேக்கில் இடைவெளி விட முடியாது என்பதால் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டன. அந்த ஒரு குறியைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு நாடுகளில் இருந்த நோயாளிகள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். பிறகு மருத்துவ இதழ்களும் அந்தச் சொல்லை எடுத்தாண்டன. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் 'போஸ்ட் கோவிட்-19 கண்டிஷன்' என்ற பெயரில் வரையறை தந்தது. மக்கள் இன்றும் லாங் கோவிட் என்றுதான் சொல்கிறார்கள். இதைக் கோவிடியட்டோடு சேர்த்து 'சுவையான புதுச்சொற்கள்' என்று எழுதுவது அந்த நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி.

சொல் இருப்பதாலேயே பொருளும் இருக்கிறது என்று நம்புவது இன்னொரு சிக்கல். 2022 ஜனவரியில் 'ஃப்ளுரோனா' என்ற சொல் பரவியது. ஒருவருக்கே ஃப்ளூவும் கொரோனாவும் ஒரே நேரத்தில் வந்திருப்பதைத்தான் அது குறித்தது. ஆனால் கேட்பவர் காதில் இரண்டும் கலந்த புது வைரஸ் போல ஒலித்தது. கலவைச்சொல்லின் வடிவமே அந்தப் பொருளைத் தருகிறது. அதே வாரங்களில் டெல்டா, ஒமிக்ரான் என்ற வைரஸ் வகைகளின் பெயர்களைக் கலந்த 'டெல்டாக்ரான்' என்ற சொல்லும் சுற்றியது. இப்படிப்பட்ட சொற்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் மரியா வான் கெர்கோவ் ட்விட்டரில் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். விளக்கம் எழுதும்போது சொல்லின் அமைப்பை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், தவறான நம்பிக்கையை நாமும் ஒரு கை தள்ளிவிட்டதாக ஆகும்.

அகராதிச் செய்திகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். கோவிட்-19 என்ற பெயர் பிறந்த 34 நாளில் மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் ஏறியது பெரும் விதிவிலக்கு. பெரும்பாலான சொற்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். 'ஆண்டின் சொல்' என்றால் புதுச்சொல் என்றும் பொருளில்லை. காலின்ஸ் 2020-க்குத் தேர்ந்தெடுத்த 'லாக்டவுன்', கைதிகளை அறைக்குள் அடைத்து வைப்பதைக் குறிக்க 1970-களிலேயே அமெரிக்கச் சிறைகளில் வழங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு 2021-க்குத் தேர்ந்தெடுத்த 'வாக்ஸ்', தடுப்பூசியைக் குறிக்கும் 'வேக்ஸின்' என்பதன் சுருக்கம்; அந்தச் சுருக்கத்தின் சாயல், அம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர் தன்னை எதிர்த்தவர்களைப் பற்றி 1812-இல் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது.

கடைசியாக, பதிவுகளைச் சேகரித்து எண்ணிக்கை எடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டு, வந்த எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். 'ஐசோ' என்று தேடினால் கேமரா அமைப்பைப் பற்றிய பதிவுகளும் கொத்தாக வரும். 'ரோனா' என்பது பெண்களின் பெயராகவும் இருக்கிறது. 'ஜூம்' பல பத்தாண்டுகளாகப் புழங்கும் வினைச்சொல். 'பனினி' என்ற இத்தாலிய ரொட்டியின் பெயர் இன்னும் சிக்கலானது. பேண்டெமிக் என்று எழுதினால் செயலி தன் பதிவை ஒதுக்கிவிடுமோ என்ற பயத்தில், ஓசை ஒத்திருப்பதற்காக டிக்டாக்கில் சிலர் அந்த ரொட்டிப் பெயரைப் போட்டார்கள்; சிலர் வெறும் விளையாட்டுக்காகவும் போட்டார்கள். எது எது என்பதை முழு வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லவே முடியாது. முதலில் ஒரு நூறு பதிவுகளையாவது உட்கார்ந்து கையால் பிரியுங்கள். ஒவ்வொன்றின் தேதியையும் தளத்தையும் முழு வாக்கியத்தையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். எழுதியவர் நாளைக்கே அதை அழித்துவிடலாம்.